செஸானின் நீலப் பானையும் நமது பிள்ளைகளின் கட்டுரையும்

நீர்வர்ணம் என்றதும் நமக்கு முதலில் ஞாபகம் வருவது பாடசாலைச் சித்திரக் கொப்பிதான். ஒரு மேசை, அதன்மேல் ஒரு பானை, பக்கத்தில் நாலு பழங்கள். எல்லாரும் ஒருமுறையாவது வரைந்திருப்போம். வரைந்ததோடு மறந்தும் போயிருப்போம். அந்தச் சாதாரண விஷயத்தைக் கடைசி வருடங்கள் வரை விடாமல் வரைந்த ஓவியர் ஒருவரைப் பற்றியும், தமிழ் படிப்பிக்கிற எனக்கு அவருடைய ஓர் ஓவியம் தந்த உந்துதல் பற்றியும் இங்கே சொல்லலாம் என நினைக்கிறேன்.

போல் செஸான் 1839இல் தெற்குப் பிரான்ஸின் எக்ஸ்-ஆன்-புரோவான்ஸ் நகரில் பிறந்தவர். 1906இல் அதே ஊரில் காலமானார். 'நீலப் பானையுடன் அசையாப் பொருள்கள்' என்னும் நீர்வர்ண ஓவியம் அவருடைய கடைசி ஆறேழு வருடங்களுக்குள் தீட்டப்பட்டது. இப்போது லொஸ் ஏஞ்சலிஸ் நகரின் கெட்டி அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அகலம் 63 சென்ரிமீற்றர், உயரம் 48. கசங்கிய வெள்ளைத் துணி, நீல எனாமல் பானை, வெள்ளை ஜாடி, சில அப்பிள்கள், பின்னால் பல வர்ணங்களில் ஒரு திரைச்சீலை. அவ்வளவுதான். ஆனால் படம் முழுக்க வெளிச்சம்!

அந்த வெளிச்சம் எங்கேயிருந்து வருகிறது? தாளிலிருந்து. தைல வர்ணத்தில் வெளிச்சம் வேண்டுமென்றால் மேலே வெள்ளையைப் பூசிக்கொள்ளலாம். நீர்வர்ணம் அப்படியல்ல. அது கண்ணாடி போல மெல்லிய பூச்சு. ஒளி அதற்கூடாகப் போய், கீழேயுள்ள வெள்ளைத் தாளில் பட்டுத் திரும்பி வருகிறது. ஆகவே எங்கே மினுக்கம் வேண்டுமோ அந்த இடத்தைப் பூசாமல் விட வேண்டும். எதைப் பூசுவது என்பதைவிட எதை விடுவது என்பதைத்தான் முதலில் தீர்மானிக்க வேண்டியிருக்கிறது. பூசிய பிறகு திரும்பப் பெறுவது கஷ்டம்.

செஸான் அவசரப்பட்டவர் அல்ல. பென்சிலால் மெதுவாகக் கோடிட்டு, ஒரு பூச்சுக் காய்ந்த பிறகுதான் அடுத்ததை அதன்மேல் வைத்தார். ஈரத்தின்மேல் ஈரம் ஏறினால் வர்ணங்கள் கலங்கிச் சேறாகிவிடும். காயவிட்டு வைத்தால் மஞ்சளுக்கு மேலே சிவப்பு, அதற்கு மேலே நீலம் என்று ஒவ்வொன்றும் தனித்தனியே தெரியும். பழத்தைச் சுற்றி ஒரே கோடு போட்டு அவர் பூட்டிவைப்பதுமில்லை. இரண்டு மூன்று கோடுகள் விட்டுவிட்டு ஓடும். அதனால்தான் பழம் உருண்டையாக, இன்னும் அசைவது போல இருக்கிறது.

இந்த ஓவியரிடம் பாடம் கேட்டவர்களில் ஒரு பெரிய கவிஞரும் இருக்கிறார். ஜெர்மன் மொழிக் கவிஞர் ரில்கே, 1907இல் பாரிஸில் நடந்த செஸான் நினைவுக் கண்காட்சிக்குத் திரும்பத் திரும்பப் போனார். பார்த்ததையெல்லாம் மனைவி கிளாராவுக்குக் கடிதங்களாக எழுதினார். அவர் கண்டுகொண்ட விஷயம் இதுதான்: பொருளின் மேலுள்ள தன் பிரியத்தைப் பறைசாற்றாமல், பொருளையே முன்னால் வைத்துவிட்டு ஓவியர் ஒதுங்கிக்கொள்கிறார்.

இங்கேதான் எனக்கு நமது பிள்ளைகளின் கட்டுரைக் கொப்பி ஞாபகத்துக்கு வந்தது. தரம் 9 மாணவர்களிடம் 'எங்கள் வீடு' பற்றி எழுதச் சொன்னால் முப்பது பேரும் 'அழகான', 'இனிமையான', 'அன்பான' என்று ஒரே மாதிரி எழுதுவார்கள். அவ்வளவும் மனப்பாடம். யாருடைய வீடும் அதில் இல்லை.

ஒரு பாடவேளையில் இந்த ஓவியத்தின் பிரதியைக் காட்டினேன். "என்ன டீச்சர், முடிக்காமலே வெச்சிட்டாரு" என்றான் ஒருவன். "இல்லடா, அந்த வெள்ளைதான் துணி" என்றாள் பின்வாங்கில் இருந்த பிள்ளை. பிறகு, வீட்டிலுள்ள ஒரு பாத்திரத்தைப் பத்து நிமிடம் பார்த்துவிட்டு, 'அழகு' என்ற சொல்லே வராமல் எழுதச் சொன்னேன். அந்தப் பிள்ளை உம்மாவின் எனாமல் கேத்தலைப் பற்றி எழுதியிருந்தாள்: மூக்கடியில் எனாமல் உடைந்த கறுப்பு வட்டம், சூடு தாங்க மூடிக் குமிழில் சுற்றிய சீலைத் துண்டு, நோன்புக் காலத்தில் அது இரண்டு தரம் அடுப்பேறுவது. உம்மாவின் பாசம் பற்றி ஒரு சொல்லும் இல்லை. ஆனால் பாசம் முழுக்க அதில் இருந்தது.

உயிருள்ளவற்றை வரைவது பற்றி நம்மிடையே கருத்து வேறுபாடு உண்டு. அதைக் காரணம் காட்டிச் சித்திரப் பாடத்தையே வேண்டாம் என்று சொல்லும் பெற்றோரையும் கண்டிருக்கிறேன். பானைக்கும் பழத்துக்கும் அந்தப் பேச்சே இல்லை. உற்றுப் பார்க்கப் பழகும் வாய்ப்பை நமது பிள்ளைகளுக்கு ஏன் மறுக்க வேண்டும்? தமிழாசிரியரும் சித்திர ஆசிரியரும் தவணைக்கு ஒரு பாடவேளையாவது சேர்ந்து படிப்பிக்கலாம். குசினியிலிருந்து ஒரு சட்டி, சந்தையிலிருந்து இரண்டு மாம்பழம் போதும்.