மானுக்கு ஒரு தீர்ப்பு, முதலைக்கு ஒரு தீர்ப்பு!

'வேப்பூர் அருகே வாகனம் மோதி மான் காயம்.' கடலூர் மாவட்டச் செய்திப் பக்கத்தில் அடிக்கடி கண்ணில் படும் நாலு வரிச் செய்தி. அந்த நாலு வரிக்குப் பின்னால் ஒரு பெரிய நாடகமே நடக்கிறது. வாங்க, திரையை விலக்கி எட்டிப் பார்த்துவிடலாம்!

திருச்சி - சென்னை நெடுஞ்சாலையில் புள்ளிமான் அடிபட்டுக் கிடந்தால் முதலில் வந்து சேர்வது செல்போன்கள்தான். 'தண்ணி ஊத்துங்கப்பா' என்பார் ஒருவர். 'துடிக்குதே, முடிச்சு விட்டுடலாம்' என்பார் இன்னொருவர். வனத்துறை ஆட்கள் வந்ததும் மானைத் தொடுவதற்கு முன் நம்மைத்தான் விரட்டுகிறார்கள். காரணம் இருக்கிறது. மானுக்குக் காயத்தைவிடப் பயம் பொல்லாதது. பிடித்து அமுக்கினால் தசை சிதைந்து, அன்று பிழைத்த மான்கூட சில நாள் கழித்துச் சாகலாம். 'கேப்ச்சர் மயோபதி' என்பார்கள்.

அடுத்து, கண்ணை மூட ஒரு துணி. மயிலுக்குப் போர்வை தந்த பேகனைக் கொடைமடம் என்று சிரித்தோமே, முதலுதவிக் கணக்கில் மனிதர் நூற்றுக்கு நூறு! தண்ணீர் மட்டும் கூடவே கூடாது; மயக்கத்தில் ஊற்றினால் நுரையீரலுக்குப் போகும். பக்கவாட்டில் கிடத்தவும் கூடாது. அசைபோடும் பிராணி, வயிறு ஊதிவிடும். நெஞ்சு தரையில் படும்படி உட்கார வைக்க வேண்டும்.

இப்போதுதான் கதாநாயகர் வருகை! பெரும்பாலும் ஆடு, மாடு பார்க்கும் அரசு கால்நடை மருத்துவர். பின்னங்கால் இழுத்துக் கிடந்தால் குளம்பின் இரு பிளவுக்கு நடுவே இடுக்கியால் அழுத்தி ஒரு கிள்ளு. கால் வெடுக்கென்று உள்ளே போகும். 'அசையுது சார், பொழச்சுக்கும்!' என்று கூட்டம் குதிக்கும். டாக்டரோ காலைப் பார்ப்பதே இல்லை. மான் தலையைத் திருப்புகிறதா, கத்துகிறதா என்பதில்தான் அவர் கவனம். தண்டுவடம் அறுந்திருந்தாலும் கால் தானாக இழுத்துக்கொள்ளும்; வலி மூளைக்கு எட்டினால்தான் நம்பிக்கை. இந்த ஒரு கிள்ளலில் எத்தனை விஷயம் பாருங்கள்!

நம்பிக்கை இல்லையென்றால்? அப்போதும் நாமாக 'முடிச்சு விட' முடியாது. 1972-ம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் 11-வது பிரிவு, மீளவே முடியாத நிலையில் உள்ள விலங்கைக் கொல்ல எழுத்துமூல அனுமதி கேட்கிறது. முதல் அட்டவணை விலங்கு என்றால் தலைமை வன உயிரினக் காப்பாளரே தர வேண்டும். இரக்கத்துக்கும் கையெழுத்து வேண்டுமா என்று எரிச்சல் வரலாம். எனக்கு வரவில்லை. இரக்கம் என்ற பெயரில் கறிச்சட்டி அடுப்பேறும் ஊர்களும் உண்டே!

காலில் காயம் பட்டது முதலைக்கு என்றால் தீர்ப்பே வேறு. கொள்ளிடத்தில் வெள்ளம் வந்தால் சிதம்பரம் பக்கத்துப் பழையநல்லூர், வேளக்குடி வாய்க்கால்களில் சதுப்புநில முதலைகள் உலா வரும்; சில சமயம் ரோட்டிலும். பிடிக்கும்போது ஈரச்சாக்கைக் கண்மேல் போட்டால் ஆசாமி அடங்கிவிடுவார். கடிக்கும் தாடையில் அசுரபலம், திறக்கும் தசையோ படுசோனி. அதனால் வாயைக் கட்ட ஒரு கயிறு போதும். மானுக்குக் கால் போனால் கிட்டத்தட்ட வாழ்க்கையே போச்சு. முதலையோ ஒரு கால் இல்லாமலே பல வருஷம் ஓட்டும். தேறும் என்று தெரிந்தால் வண்டியில் ஏற்றி வக்காரமாரி நீர்த்தேக்கத்தில் விட்டுவிடுவார்கள். கடலூர்க் கரையில் ஒதுங்கும் பங்குனி ஆமைக்கு ஓடு விரிசல் விட்டிருந்தால்? அதைப் பிசின் வைத்து ஒட்டுகிற வித்தையும் மருத்துவத்தில் உண்டு!

பிழைக்காமல் போனால் பிரேதப் பரிசோதனை, பிறகு அடக்கம். செத்த மானும் 39-வது பிரிவின்படி அரசுச் சொத்து. கைக்கு வந்தால் 48 மணி நேரத்துக்குள் காவல் நிலையத்திலோ வனத்துறையிலோ சொல்லியாக வேண்டும்.

உங்கள் ஊர் வனச்சரக அலுவலக எண்ணை இன்றே போனில் பதிந்துகொள்ளுங்கள். எண் கையில் இல்லாத நேரத்தில் 112-ஐ அழையுங்கள். அவர்கள் வரும்வரை வண்டிகளை ஒதுக்கி விடுங்கள், செல்ஃபிக்காரர்களையும் சேர்த்து!