பள்ளி விட்டதும் தறியா, மன்றமா? காஞ்சிபுரம் பிள்ளைகளின் மாலை நேரம் ஏன் முக்கியம்?

பள்ளிக்கூட மணி அடித்ததிலிருந்து இருட்டும் வரை சுமார் இரண்டு மணி நேரம். பிள்ளையார்பாளையம் போன்ற காஞ்சிபுரத்து நெசவாளர் பகுதிகளில் அந்த நேரத்துக்கு எப்போதுமே ஒரு விலை இருந்தது. உடல் ஒரு நிறம், கரை இன்னொரு நிறம் என்று கோர்வைச் சேலை நெய்ய மூன்று நாடா வேண்டும். நெசவாளருக்குத் துணையாக இன்னொருவரும் வேண்டும். பல காலம் அந்தத் துணைக் கை சிறுவர்களுடையது.

முன்பணக் கடனுக்காகக் குழந்தைகள் தறியில் கட்டிப்போடப்பட்டதை 2003-ல் வெளியான ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் அறிக்கை காஞ்சிபுரத்தையும் சேர்த்துப் பதிவுசெய்தது. குழந்தைகளைத் தறியிலிருந்து பள்ளிக்குக் கொண்டுவர, 2002-ல் இதே ஊரில் தொடங்கியது ‘ஹேண்ட் இன் ஹேண்ட்’ அமைப்பு.

சட்டம் என்ன சொல்கிறது?

2016 திருத்தத்தின்படி, 14 வயதுக்கு உட்பட்டவர்களை எந்த வேலையிலும் அமர்த்தக் கூடாது. ஆனால், பள்ளி நேரம் முடிந்த பிறகும் விடுமுறையிலும், ஆபத்தில்லாத குடும்பத் தொழிலில் உதவலாம் என்று விலக்கு இருக்கிறது. அதாவது, காலை நேரத்தைச் சட்டம் பள்ளிக்குக் கொடுத்துவிட்டது. சாயங்காலத்தை வீட்டின் முடிவுக்கு விட்டுவிட்டது. எனவே, “கிளப்புக்குப் போய் என்ன கிழிக்கப் போறே?” என்று வீட்டில் கேட்டால், அது நியாயமான கேள்விதான்.

மன்றத்துக்குப் போனால் குணம் மாறுமா?

சும்மா போனால் மாறாது. அமெரிக்காவில் ஜோசப் டர்லாக் குழுவினர் பள்ளிக்குப் பிந்தைய 68 திட்டங்களை அலசி, 2010-ல் முடிவுகளை வெளியிட்டார்கள். படிப்படியான பயிற்சி, பிள்ளைகளே செய்து பார்ப்பது, அதற்கென ஒதுக்கிய நேரம், எந்தத் திறனை வளர்க்கிறோம் என்ற தெளிவு ஆகிய நான்கும் இருந்த இடங்களில் தன்னம்பிக்கை, பள்ளி மீதான பிடிப்பு, பிறரோடு பழகும் விதம் எல்லாம் மேம்பட்டன. இவை இல்லாத இடங்களில் சொல்லிக்கொள்ளும்படி பலன் இல்லை.

இதற்கு மறுபக்கமும் உண்டு. ஸ்வீடனில் சிறுவர்களை 20 ஆண்டுகள் பின்தொடர்ந்து 2001-ல் வெளியான ஓர் ஆய்வு, ஒழுங்கான செயல்பாடு இல்லாத இளைஞர் மையங்களுக்கு அடிக்கடி போனவர்களிடம் பின்னாளில் குற்றச்செயல் கூடுதலாக இருந்ததைக் காட்டியது. கேரம் போர்டு போட்டுவிட்டுக் கதவைத் திறந்து வைத்தால் மட்டும் போதாது என்பதே இதில் உள்ள பாடம்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். ஏற்கெனவே பொறுப்பான பிள்ளைகளே மன்றத்தில் சேர்ந்திருக்கலாம். ஆகவே எல்லா நல்ல மாற்றத்தையும் மன்றத்தின் கணக்கில் எழுதிவிட முடியாது.

குடிமைப் பண்பு எங்கிருந்து வருகிறது?

பொறுப்பைக் கையில் கொடுப்பதிலிருந்து. ராஜஸ்தானின் திலோனியாவில், பகலில் ஆடு மேய்க்கும் பிள்ளைகளுக்காக இரவுப் பள்ளிகள் நடக்கின்றன. அங்கே பிள்ளைகளே வாக்களித்துத் தங்கள் நாடாளுமன்றத்தைத் தேர்ந்தெடுக்கிறார்கள்; ஆசிரியர் வருகிறாரா, விளக்கு எரிகிறதா என்று மேற்பார்வை செய்கிறார்கள்.

தமிழ்நாட்டில் 2021-ல் தொடங்கிய ‘இல்லம் தேடிக் கல்வி’, கொரோனாவில் விட்டுப்போன படிப்பை மீட்க, 1 முதல் 8-ம் வகுப்பு வரையான பிள்ளைகளை மாலையில் தெருவிலேயே கூட்டியது. அதற்கு மேற்பட்ட வகுப்பினருக்கு நாட்டு நலப்பணித் திட்டம், சாரணர் இயக்கம், ஜூனியர் ரெட் கிராஸ் போன்றவை இருக்கின்றன. அவற்றில் பெயர் மட்டும் கொடுப்பதா, வேலையும் செய்வதா என்பதில்தான் வித்தியாசம்.

பெற்றோர் என்ன கேட்கலாம்?

மூன்று கேள்விகள் போதும். இந்த வாரம் என்ன செஞ்சீங்க? யார் முடிவெடுத்தாங்க? காசுக்குக் கணக்கு யார் வச்சிருக்காங்க?

கடைசிக் கேள்வி இந்த மாவட்டத்துக்குப் புதிதல்ல. உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில், முதலாம் பராந்தகன் காலத்துக் குடவோலை விதிகள் இருக்கின்றன. வாரியத்தில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவரும் அவருடைய உறவினர்களும் மறுபடி போட்டியிட முடியாது என்கிறது கல்வெட்டு. நிலமுள்ள சிலருக்கு மட்டுமே இடம் தந்த சபைதான் அது. ஆனாலும், விளையாட்டுப் பந்து வாங்கிய செலவை நோட்டில் எழுதி, நண்பர்கள் முன் வாசித்துக் காட்டும் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை கற்றுக்கொள்வதும் அதே பாடத்தைத்தான்.