சிக்கனமாய்க் குடியரசு விழா

மார்கழி பிறந்ததும் நம் இல்லங்களில் ஒரு கேள்வியும் பிறந்துவிடுகிறது. "இந்த வருஷமாவது அணிவகுப்புக்கு அழைத்துப் போவீர்களா, அப்பா?" ஜனவரி 26 மாதக் கடைசியில் வரும் நாள். பால் கணக்கும் வீட்டு வாடகையும் போனபின் கையில் எஞ்சுவது எவ்வளவு என்பதை இல்லத்தரசிகள் நன்கறிவர். ஆகவே செலவுக் கணக்கோடு சிலவற்றைச் சொல்ல விழைகிறோம்.

அனுமதிச் சீட்டு பெரிய செலவன்று. 2025ஆம் ஆண்டு விழாவுக்கு ரூ. 20, ரூ. 100 என இரு வகைச் சீட்டுகள் விற்கப்பட்டன. விற்பனை ஜனவரி முதல் வாரத்தில் தொடங்கியது. அன்றன்றைய ஒதுக்கீடு தீர்ந்தால் மறுநாள்தான். வாங்கும்போது காட்டிய அடையாள அட்டையின் மூலத்தையே நுழைவாயிலிலும் காட்டவேண்டும். இதை மறந்தவர் வீட்டுக்குத் திரும்ப வேண்டியதுதான்.

பைக்கும் உணவுக்கும் தண்ணீர்ப் புட்டிக்கும் குடைக்கும் உள்ளே இடமில்லை. ஓர் ஆண்டு நாம் இருபதுபேர் புளியோதரையும் தயிர்சாதமுமாக ஏழு டப்பாக்களைச் சுமந்து போனோம். வாயிலில் தடுத்துவிட்டார்கள். நம் குழுவில் மூத்த பெரியவர் ஒருவர், "நீங்கள் குழந்தைகளோடு போங்கள், நான் இருக்கிறேன்" என்று கூறி, பனியில் மூன்று மணி நேரம் டப்பாக்களுக்குக் காவலிருந்தார். விமானங்களின் ஓசையை மட்டும் கேட்டாராம்! அன்று அந்தப் புளியோதரை எவருக்கும் ருசிக்கவில்லை. விடியுமுன் வீட்டிலேயே இட்லியை உண்டுவிட்டுக் கிளம்புவதே உத்தமம். கம்பளிக்குக் கஞ்சத்தனம் கூடாது.

சீட்டுக் கிடைக்காதோர் மனம் தளரவேண்டா. 1950இல் முதல் அணிவகுப்பு இர்வின் அரங்கில் நடந்தது. 1955இல் ராஜபாதைக்கு வந்தது. அப்பாதைக்கு 2022இல் 'கர்த்தவ்ய பத்' என்று பெயர் மாறிற்று. அணிவகுப்பு அங்கேயே முடிந்துவிடுவதில்லை. திலக் மார்க், பகதூர் ஷா ஜாபர் மார்க், நேதாஜி சுபாஷ் மார்க் வழியே செங்கோட்டைவரை நீளுகிறது. தெருவோரத்துத் தடுப்புக்குப் பின் நின்று காண்போர் ஏராளம். ஜனவரி 23இல் நடக்கும் முழு ஒத்திகையிலும் இதே கோலாகலந்தான்.

நாம் இவ்வாண்டு இதை எழுதக் காரணம் வேறொன்றும் உண்டு. பாராபுல்லா கால்வாயோரம் ஜங்புராவில் இருந்த மதராஸி கேம்ப் 2025 ஜூன் 1இல் இடிக்கப்பட்டது. சுமார் 370 குடில்கள். 189 குடும்பங்களே நரேலாவில் வீடு பெறத் தகுதியுடையவை எனப்பட்டன. முன்பு இந்தியா கேட்டுக்கு எளிதில் வந்துசேர்ந்த நம் பிள்ளைகள் இன்று நகரின் வடகோடியில் இருக்கிறார்கள். அங்கே மெட்ரோ ரயில் இன்னும் எட்டவில்லை. விடியற்காலை அணிவகுப்புக்கு அவர்கள் வந்துசேர்வது எளிதா?

அவர்களுக்குச் செங்கோட்டையே ஏற்றது. பேருந்தில் சமய்பூர் பாத்லி நிலையம் வந்து மஞ்சள் வழி ரயிலில் ஏறினால் மாறாமல் சாந்தினி சௌக்கில் இறங்கலாம்; அப்பால் நடை. 2025இல் ஜனவரி 26 முதல் 31 வரை அங்கே 'பாரத் பர்வ்' நடந்தது. அனுமதி இலவசம். அணிவகுப்பில் ஓடிய அலங்கார ஊர்திகளை அருகில் நின்று பார்க்க இயன்றது. மாநிலந்தோறும் உணவுக் கடைகளும் இருந்தன. (விலையைக் கேட்டுவிட்டு உண்ணுவது நலம்.) ரயில் கட்டணம் 2025 ஆகஸ்டில் உயர்ந்து, மிக நீண்ட தூரத்துக்கு ரூ. 64 ஆயிற்று. ஞாயிறன்றும் தேசிய விடுமுறையன்றும் கட்டணம் குறைவு. 90 செ.மீ.க்குக் குறைந்த உயரமுள்ள குழந்தைக்குச் சீட்டே வேண்டா. விழா நாளில் சில நிலையங்களின் வாயில்களை மூடிவிடுவார்கள். முந்தைய நாள் அறிவிப்பைப் பார்த்துக்கொள்ளவேண்டும்.

தமிழக ஊர்தி ஆண்டுதோறும் வருவதில்லை. 2022இல் இடம் கிடைக்காதபோது நம் வீடுகளில் எழுந்த வருத்தம் நினைவிருக்கிறது. 2024இல் உத்தரமேரூர்க் குடவோலை முறையைக் காட்டிய ஊர்தி வந்து மூன்றாம் பரிசும் பெற்றது. "இதுதான் நம் ஊரா?" என்று தில்லியிலேயே பிறந்த ஒரு சிறுமி கேட்டாள். அவளுக்குப் பதில் சொல்லிக்கொண்டே நாம் செங்கோட்டையிலிருந்து சாந்தினி சௌக்வரை நடந்தோம்.

நரேலாக் குழந்தைகளை அழைத்துவர இரண்டு பெரியவர்கள் தேவை. ஒருநாள் பொழுதைத் தரக்கூடிய அன்பர்கள் மாத இறுதிக்குள் சங்க அலுவலகத்தில் பெயர் கொடுக்குமாறு வேண்டுகிறோம். டப்பாக்கள் வேண்டா.