பேச்சுக்கு முன்னால் வரும் முன்னேற்றம்

ஆட்டிசம் உள்ள குழந்தை எப்போது பேசும் என்பதே பெற்றோரின் முதல் கேள்வி. பேச்சுக்கு அடிப்படையான ஒரு திறன் அதற்கு வெகு முன்பே தோன்றிவிடுகிறது: தான் பார்ப்பதை இன்னொருவரோடு பகிர்ந்துகொள்வது. பெரும்பாலான குழந்தைகள் ஒரு வயதை ஒட்டி, மதில்மேல் உட்கார்ந்த காக்கையைச் சுட்டிவிட்டு அம்மாவின் முகத்தைத் திரும்பிப் பார்க்கும். காக்கை தனக்கு வேண்டும் என்று அல்ல, அம்மாவும் அதைப் பார்க்க வேண்டும் என்று.

இது ஒன்றரை வயதிலும் வராதிருந்தால், பெயர் சொல்லி அழைத்தும் திரும்பாதிருந்தால், வேண்டியதைக் கேட்காமல் பெரியவர் கையைப் பிடித்துப் பொருளின்மேல் வைத்தால், மருத்துவரிடம் காட்ட வேண்டும். "அவன் அப்பனும் மூணு வயசுலதான் பேசினான்" என்ற ஆறுதலில் அருமையான மாதங்கள் கரைந்துவிடுகின்றன. முதலில் செவித்திறன் சோதனை அவசியம். அழைத்தும் திரும்பாததற்குக் காது கேளாமையும் காரணமாக இருக்கலாம். எல்லாக் குழந்தைகளையும் 18, 24 மாதங்களில் ஆட்டிசத்துக்காகப் பரிசோதிக்க அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம் பரிந்துரைக்கிறது.

பயிற்சி என்றதும் குழந்தையை மேசை முன் உட்கார வைப்பதே நினைவுக்கு வரும். ஆனால் 'பேக்ட்' என்ற பிரிட்டிஷ் முறை பெற்றோருக்குத்தான் பயிற்சி தருகிறது. தாயோ தந்தையோ குழந்தையோடு விளையாடுவதை வீடியோ எடுத்து, பிறகு தெரபிஸ்டும் அவரும் அதைச் சேர்ந்து பார்க்கிறார்கள். குழந்தை ஒரு கணம் நிமிர்ந்து பார்த்தது, ஏதோ ஒலி எழுப்பியது என அவசரத்தில் தவறிய சின்னஞ்சிறு முயற்சிகள் அப்போது கண்ணில் படுகின்றன. கேள்விமேல் கேள்வி கேட்பதை விட்டு, குழந்தை எதைப் பார்க்கிறதோ அதைப் பற்றி ஓரிரு சொல் பேசி, பதிலுக்குக் காத்திருக்கப் பெற்றோர் பழகுகிறார்கள். இங்கிலாந்தில் 152 குழந்தைகளிடம் இது ஆராயப்பட்டது. ஏறத்தாழ ஆறு ஆண்டுகளுக்குப் பின்னும் பயன் நீடித்ததை 2016இல் வெளியான தொடராய்வு காட்டியது. கோவாவிலும் ராவல்பிண்டியிலும் நிபுணரல்லாத பணியாளர்களே இம்முறையைத் தந்தபோது, குழந்தைகள் தாமாகப் பெற்றோரை நாடுவது கூடியது. நிபுணர்கள் குறைந்த நாடுகளுக்கு இது பெரிய நம்பிக்கை.

முன்னேற்றம் எல்லாருக்கும் ஒரே அளவில் வருவதில்லை. சில குழந்தைகள் சரளமாகப் பேசுகின்றன. சிலவற்றுக்குப் படஅட்டையோ சைகையோ மொழியாகிறது, அதுவும் முழுமையான முன்னேற்றமே. ஆட்டிசம் குணமாகி மறைந்துவிடும் என்று வாக்களிப்போரை நம்பலாகாது. இந்தியாவில் 2013இல் தொடங்கிய தேசியக் குழந்தைகள் நலத் திட்டத்தின் கீழ் மாவட்டங்களில் உள்ள ஆரம்பகாலத் தலையீட்டு மையங்கள் இலவசமாகப் பரிசோதிக்கின்றன. ஆட்டிசம்தானா என்று உறுதியாகும்வரை பயிற்சியைத் தள்ளிப்போடத் தேவையில்லை. சந்தேகம் எழுந்த அன்றே தொடங்கலாம்.