அளவெடுத்துச் செய்த நாற்காலி

மருத்துவமனைத் தாழ்வாரங்களில் மடித்துச் சாய்த்து வைக்கப்பட்டிருக்கும் சக்கர நாற்காலியைப் பார்க்காதவர் இலர். நோயாளியைப் படுக்கையிலிருந்து ஆய்வுக்கூடத்திற்கு அழைத்துச் செல்ல அது போதும். பின்னால் நின்று தள்ள ஒருவர் எப்போதும் இருப்பார் என்னும் எண்ணத்தில் அமைந்தது அது. ஆனால், விபத்தில் தண்டுவடம் பாதிக்கப்பட்டு நடக்கும் ஆற்றலை இழந்த ஓர் இளைஞருக்கு அதே நாற்காலியை வழங்கி, வாழ்நாள் முழுவதும் அதிலேயே இருக்கச் சொன்னால் என்ன நேரும்?

இருக்கை அகலமாக இருந்தால் உடல் ஒருபக்கம் சாயும். நாளடைவில் முதுகெலும்பும் வளையும். சக்கரத்தைத் தொடக் கைகளை விரித்து நீட்டவேண்டி இருப்பதால் தோள்மூட்டு தேயும். இவற்றினும் கொடியது அழுத்தப்புண். உணர்வற்ற உடற்பகுதி நெடுநேரம் அழுத்தப்படும்போது அங்கே குருதியோட்டம் தடைப்படுகிறது. வலி தெரியாததால் புண் ஆழமாகும் வரை எவரும் அறிவதில்லை. அது உயிரைப் பறிப்பதும் உண்டு. ஊரார் அனைவருக்கும் ஒரே அளவுச் செருப்பு வழங்கினால் எப்படியோ, அப்படித்தான் இதுவும். செருப்பையாவது கழற்றி எறிந்துவிட்டு நடக்கலாம்.

சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில், இயந்திரப் பொறியியல் பேராசிரியர் சுஜாதா சீனிவாசன் வழிநடத்தும் டி.டி.கே. மறுவாழ்வு ஆய்வு மையம், இத்தகைய கருவிகளை உருவாக்கும் பணியில் ஈடுபட்டுள்ளது. நாற்காலியில் இருப்பவர் தாமே எழுந்து நிற்க உதவும் 'அரைஸ்' என்னும் நாற்காலி, 2019இல் ஏறத்தாழ 15,000 ரூபாய் விலையில் வெளிவந்தது இம்மையத்தின் முயற்சியால்தான். இங்கே பயின்ற ஸ்வஸ்திக் சௌரவ் தாஷ் முதலிய இளைஞர்கள் பேராசிரியருடன் இணைந்து 'நியோமோஷன்' என்னும் புத்தொழில் நிறுவனத்தைத் தொடங்கினர்.

அவர்கள் உருவாக்கிய 'நியோஃபிளை' நாற்காலியில், பயன்படுத்துபவரின் உடலுக்கேற்ப 18 கூறுகளை அமைத்துக்கொள்ளலாம். அச்சு இருக்கும் இடத்தை மட்டும் எடுத்துக்கொண்டு பார்ப்போம். பெரிய சக்கரங்களின் அச்சு சற்றே முன்னால் அமைந்தால், உடலின் எடை பெரும்பாலும் அவற்றின்மீதே இறங்கும். முன்னுள்ள சிறுசக்கரங்களின் சுமை குறையும். நாற்காலி எளிதாக உருளும், எளிதாகத் திரும்பும். ஆனால், அச்சு அளவுக்கு மீறி முன்னே சென்றுவிட்டால் நாற்காலி பின்புறமாகக் கவிழ்ந்துவிடும். எவ்வளவு முன்னால் என்பதை அமர்பவரின் எடையும் உடல்வாகும் கைவலிமையும் முடிவு செய்கின்றன. இரண்டு விரல் அகல வேறுபாடுகூட ஒருவரைப் பிறர் துணையின்றி நகரச் செய்யும். அல்லது நகரவிடாமல் முடக்கும்.

2021இல் வெளியானபோது நியோஃபிளையின் விலை 39,900 ரூபாய். இது மலிவா? அன்றாடக் கூலியில் வாழும் குடும்பத்திற்கு இது பெருந்தொகையே. அதை மறைத்துப் பேசுவதில் பயனில்லை. இதே தரமுடைய வெளிநாட்டு நாற்காலிகளோ இலட்சத்தைத் தாண்டக்கூடியவை. மறுபுறம், சில ஆயிரங்களுக்குக் கிடைக்கும் மருத்துவமனை நாற்காலி, அமர்பவரின் படிப்பையும் வேலையையும் விழுங்கிவிட்டு வீட்டுமூலையில் கிடக்குமானால், அதன் உண்மையான விலையை யார் கணக்கிடுவது? கட்டுப்படியாகும் விலை என்பது கடையில் ஒட்டிய விலைச்சீட்டோடு முடிந்துவிடுவதில்லை. உலகில் 250 கோடிக்கும் மேற்பட்டோருக்கு ஏதேனும் ஓர் உதவிக்கருவி தேவைப்படுகிறது என்றும், ஏறத்தாழ 100 கோடிப் பேருக்கு அது எட்டவில்லை என்றும் உலக நலவாழ்வு அமைப்பும் யூனிசெஃபும் 2022இல் வெளியிட்ட அறிக்கை கூறுகிறது. எட்டியவர்களுள் எத்தனை பேருக்கு அது பொருந்தியது என்பது தனிக்கேள்வி.

வீட்டுக்குள் உருளும் நாற்காலி தெருவுக்கு வந்தால் மேடுபள்ளங்களில் திணறும். இதற்கு அவ்விளைஞர்கள் கண்ட விடை 'நியோபோல்ட்'. மின்கலமும் மோட்டாரும் கைப்பிடியும் கொண்ட ஒற்றைச்சக்கர இணைப்பு இது. இதை நாற்காலியின் முன்புறம் பொருத்தியதும் சிறுசக்கரங்கள் தரையைவிட்டு எழும்புகின்றன. நாற்காலி மூன்றுசக்கர வண்டியாகிவிடுகிறது. மணிக்கு 25 கிலோமீட்டர் வேகம் வரை செல்லும். வேறோர் இருக்கைக்கு மாறவேண்டிய தேவையில்லை. சென்ற இடத்தில் இணைப்பைக் கழற்றிவிட்டு அதே நாற்காலியில் உள்ளே போகலாம். வெளியானபோது இதன் விலை 55,000 ரூபாய்.

இத்தகைய வண்டியில் சென்னைச் சாலைகளில் சென்று உணவு வழங்கும் பணிசெய்த ஒருவரின் காணொலி 2022இல் பரவலாகப் பார்க்கப்பட்டது. எனினும், உணவைக் கேட்டவர் குடியிருக்கும் கட்டடத்தின் வாயிலில் படிகள் மட்டுமே இருக்குமானால், எத்துணைச் சிறந்த நாற்காலியும் அங்கே நின்றுவிடும். பொதுக்கட்டடங்கள் தடையின்றி அணுகத்தக்கனவாக இருத்தல் வேண்டும் என்கிறது மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016. படிகளின் பக்கத்தில் சாய்தளம் அமைப்பது, நாற்காலி செய்யும் இளைஞர்களின் கையில் இல்லை. கட்டடம் கட்டுவோரின் கையில் உள்ளது.