நீலக்கோடும் மணல் ஆறும்

பள்ளிக்கூடத்தில் புவியியல் என்றால் ஒரு காலத்தில் துணியில் ஒட்டிய பெரிய சுவர் வரைபடம்தான். மேலும் கீழும் மரச்சட்டம் வைத்துச் சுருட்டப்பட்டு, தலைமை ஆசிரியர் அறை பீரோவின் மேல் கிடக்கும். பாடவேளை தொடங்கியதும் ஒரு மாணவன் ஓடிப்போய்த் தோளில் சுமந்து வருவான். ஆணியில் மாட்டி, குச்சியால் தொட்டுக் காட்டினால், முதல் பெஞ்சுக்கு ஊர்ப் பெயர்கள் தெரியும். கடைசி பெஞ்சுக்கு நிறங்கள் மட்டும் தெரியும். தேர்வு நெருங்கும்போது கடையில் அவுட்லைன் மேப் வாங்கி, ஆற்றுக்கு நீலம், மலைக்குப் பழுப்பு என்று பென்சிலால் தீட்டிப் பழகுவோம்.

திருச்சிக்கு அருகே காவிரிக்கரைப் பள்ளி ஒன்றில் நான் பாடம் எடுக்கத் தொடங்கியபோதும் கையில் இருந்தவை இவையே. குடகு மலைத் தலைக்காவிரியில் பிறந்து, ஏறத்தாழ 800 கிலோமீட்டர் ஓடி, பூம்புகாரில் கடல் சேர்கிறது காவிரி என்று கரும்பலகையில் ஒரு கோடு இழுப்பேன். பிள்ளைகளும் இழுப்பார்கள். மலையில் மெலிதாகத் தொடங்கும் கோடு, கடலை நெருங்க நெருங்கத் தடித்துக்கொண்டே போகும். ஆறு என்றால் அப்படித்தானே இருக்க வேண்டும்?

இன்று அதே பாடம் திரையில் நடக்கிறது. 2018இல் வந்த புதிய பாடநூல்களில் க்யூஆர் கோடு அச்சிட்டிருந்தார்கள். பிறகு ஹைடெக் லேப் வந்தது, ஸ்மார்ட் போர்டு வந்தது. கூகுள் எர்த் 2005 முதல் இருக்கிறது. இஸ்ரோவின் வரைபடத் தளமான புவன் 2009இல் வந்தது. ஆனால் வகுப்பறைச் சுவருக்கு அவை வந்து சேர இத்தனை காலம் ஆயிற்று. இப்போது திரையில் தெரியும் எங்கள் பள்ளிக் கூரையிலிருந்தே பாடத்தைத் தொடங்குகிறேன். பிள்ளைகள் தங்கள் தெருவையும் கோயில் குளத்தையும் கண்டுபிடித்தபின், கரையோடு மேற்கே முக்கொம்புக்குப் போகிறோம். அங்கே காவிரியும் கொள்ளிடமும் பிரிவதைக் கடைசி பெஞ்சும் பார்க்கிறது.

கோடைப் படம் ஒன்றைப் பார்த்ததும் ஒரு மாணவி கேட்டாள்: “டீச்சர், கொள்ளிடத்துல தண்ணியே காணோமே?” திரையில் அகன்ற மணல்வெளி. சுவர் வரைபடத்தைப் பார்த்து இப்படி யாரும் என்னிடம் கேட்டதில்லை. அதில் ஆறு பன்னிரண்டு மாதமும் நீலம். அந்தக் கேள்வியிலிருந்து, வெள்ளம் வந்தால் தாங்கும் வடிகாலாகக் கொள்ளிடம் ஏன் இருக்கிறது, மேட்டூர் அணை ஏன் வழக்கமாக ஜூன் 12இல் குறுவைச் சாகுபடிக்குத் திறக்கப்படுகிறது, சில ஆண்டுகளில் ஏன் திறக்க முடியாமல் போகிறது என்று பாடம் தானாக விரிந்தது.

முக்கொம்பிலிருந்து கிழக்கே திரும்பி வந்தால் கல்லணை. காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய், கொள்ளிடம் என்று நீர் அங்கே நான்கு வழி பிரிகிறது. அதன்பின் காவிரி கிளைகிளையாகப் பிரிந்து வயலுக்குள் போய், பூம்புகாரை அடையும்போது வாய்க்கால்போல் ஒடுங்கிவிடுகிறது. கடலருகே கோட்டைத் தடிமனாக இழுத்த கைகளுக்கு இது பெரிய வியப்பு. டெல்டா என்பதன் பொருளை எந்த வரையறையையும்விட அந்த மெலிந்த ஆறு தெளிவாகச் சொல்லிவிடுகிறது. 1984 முதலான செயற்கைக்கோள் படங்களை ஆண்டு வரிசையில் ஓடவிட்டு, 1934இல் கட்டி முடித்த மேட்டூர் அணையின் நீர்ப்பரப்பு விரிவதையும் சுருங்குவதையும் பார்க்கிறோம். எந்த அச்சு வரைபடத்தாலும் காட்ட முடியாதது இது.

ஆனால் திரை ஒன்றைப் பறித்துக்கொண்டது: அளவை. இந்திய நில அளவைத் துறையின் 1:50,000 தலப்படத்தில் ஒரு சென்டிமீட்டர் என்றால் தரையில் அரைக் கிலோமீட்டர். ஸ்கேல் வைத்து அளந்து, பெருக்கிப் பார்த்தால்தான் தூரம் கிடைக்கும். அப்படி அளந்த பிள்ளைக்குத் தொலைவு என்பது உடம்பில் ஏறியது. திரையில் இரண்டு விரலை விரித்தால் மலை பெரிதாகிறது, சுருக்கினால் மாநிலம் சிறிதாகிறது. ஒவ்வொரு அசைவுக்கும் அளவை மாறுவது கண்ணில் படுவதே இல்லை. முக்கொம்பும் மேட்டூரும் பக்கத்துப் பக்கத்து ஊர்கள் என்று நினைத்துவிடுகிறார்கள். திரையில் தெரிவது இன்றைய காட்சி என்றும் நம்பிவிடுகிறார்கள். பல நாட்களில் எடுத்த படங்களை ஒட்டித் தைத்தது அது. அடுத்தடுத்து இருக்கும் இரண்டு வயல்களில் ஒன்று ஜனவரியிலும் மற்றது மே மாதத்திலும் எடுத்ததாக இருக்கலாம்.

அதனால் என் வகுப்பில் மூன்று பழக்கங்கள் உண்டு. படத்தைத் திறந்ததும் முதலில் அது எடுக்கப்பட்ட தேதியைப் படிக்க வேண்டும். மூலையில் உள்ள அளவுக்கோட்டைப் பார்த்துத் தூரத்தைச் சொல்ல வேண்டும். பார்த்து முடித்ததும் திரையை அணைத்துவிட்டு, பார்த்த ஆற்றை நோட்டில் வரைய வேண்டும். வரையும்போதுதான் எது எங்கே பிரிந்தது என்று யோசிக்கிறார்கள், சந்தேகம் வருகிறது, மறுபடி திரைக்குப் போகிறார்கள்.

கருவி வந்துவிட்டது என்று சுவர் வரைபடத்தைக் குப்பையில் போடும் பள்ளிகளைப் பார்க்கும்போது வருத்தமாக இருக்கிறது. ஒரு பெயர் எந்த மலைக்குக் கிழக்கே, எந்த ஆற்றுக்குத் தெற்கே என்று மனத்தில் நிலைக்க அந்த அசையாத படம் வேண்டும். அந்த இடத்தில் இப்போது என்ன நடக்கிறது என்று கேட்கத் திரை வேண்டும். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பேசத் தெரிந்த ஆசிரியர் வேண்டும். காவிரி நீர் யாருக்கு, எப்போது, எவ்வளவு என்ற விவாதத்தில் நாளை கலந்துகொள்ளப் போகிறவர்கள் இந்தப் பிள்ளைகள்தான். மணலைப் பார்த்துக் கேள்வி கேட்கவும், ஸ்கேல் பிடித்து விடை தேடவும் பத்தாம் வகுப்பு முடிவதற்குள் அவர்களுக்குக் கற்றுக்கொடுத்துவிட வேண்டும்.