துணியில் பூ மாதிரி கீற வீட்டிலேயே ஓர் ஒளிப்பெட்டி

கண்டிக்குக் கிழக்கே மகாவலி கங்கையை மறித்துக் கட்டிய விக்டோரியா அணை 1985ஆம் ஆண்டு திறக்கப்பட்டது. பழைய தெல்தெனிய நகரமும் அதைச் சுற்றியிருந்த வயல்களும் நீரில் மூழ்கின. எழும்பிய குடும்பங்களில் ஒரு பகுதியினர் திகன, குண்டசாலைப் பக்கங்களில் சிறு காணித் துண்டுகளில் குடியமர்ந்தனர். வயல் போன பின்பு வீட்டுச் செலவுக்கு வேறு வழி தேடவேண்டியிருந்தது. வேறு காரணங்களால் ஊரைவிட்டு வந்த குடும்பங்களுக்கும் இதே கதைதான். தலையணை உறை, மேசை விரிப்பு, பற்றிக் துணி என்று கைவேலையில் இறங்கிய தாய்மார் பலர்.

அப்படியான ஒரு தாய் அண்மையில் எம்மிடம் ஆறு தலையணை உறைகளை விரித்துக் காட்டினார். தையலில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் சோடி சேர்த்துப் பார்த்தால் ஓர் உறையில் பூ பெரிது, மற்றதில் சிறிது. இரண்டு உறைகளில் காபன் தாளின் நீலக் கறை. வாங்குபவர் மூன்று சோடியில் ஒன்றை மட்டுமே எடுத்தாராம். மிகுதித் துணியும் நூலும் உழைத்த நாட்களும் அவருக்கே நட்டம். “எனக்குத் தைக்கத் தெரியும், கீறத்தான் தெரியாது” என்றார்.

இந்தக் குறையைத் தீர்க்க அதிக பணம் தேவையில்லை. கீழிருந்து வெளிச்சம் வரும் ஒரு கண்ணாடியின் மேல் மாதிரிக் கடதாசியை வைத்து, அதன்மேல் வெள்ளைத் துணியை விரித்தால், கோடுகள் துணியினூடாகத் தெரியும். அவற்றின் மேலேயே பென்சிலை ஓட்டலாம். எத்தனை துணியில் கீறினாலும் அளவு மாறாது. காபன் தாளும் வேண்டாம்.

தேவையான பொருட்கள்

சுமார் 16 அங்குல நீளம், 12 அங்குல அகலம், 6 அங்குல ஆழமுள்ள ஒரு மரப்பெட்டி. பழம் வரும் பலகைப் பெட்டியும் போதும். அதன் நான்கு விளிம்புகளிலும் நன்றாகப் பொருந்தியிருக்கும் 5 மில்லிமீற்றர் யன்னல் கண்ணாடித் துண்டு ஒன்று. படச் சட்டத்தின் மெல்லிய கண்ணாடி கை ஊன்றினால் உடைந்துவிடும். வெள்ளைக் கடதாசி, எண்ணெய்க் கடதாசி, ஒட்டுநாடா, துணி காயப்போடும் கிளிப்புகள், மின்னேற்றிப் பாவிக்கும் எல்.ஈ.டி. டோர்ச் ஒன்று அல்லது இரண்டு.

செய்முறை

1. பெட்டியின் உட்புறம் முழுவதும் வெள்ளைக் கடதாசி ஒட்டுங்கள். வெளிச்சம் எல்லாப் பக்கமும் பரவ இது உதவும்.

2. கண்ணாடியின் வெட்டு விளிம்புகளை ஒட்டுநாடாவால் இரண்டு சுற்றுச் சுற்றுங்கள். கையும் துணியும் வெட்டுப்படாது.

3. கண்ணாடியின் அடிப்புறத்தில் எண்ணெய்க் கடதாசியை ஒட்டுங்கள். இல்லாவிட்டால் ஓரிடத்தில் மட்டும் கண் கூசும்.

4. டோர்ச்சை மேல்நோக்கி வைக்காமல் படுக்கவைத்து, வெள்ளைச் சுவரை நோக்கித் திருப்புங்கள். சுவரில் பட்டுத் திரும்பும் வெளிச்சமே சீராக இருக்கும்.

மின்சாரம் பற்றி ஒரு வார்த்தை

நாம் முதலில் பழைய 40 வோட்ஸ் மின்குமிழை வைத்துப் பார்த்தோம். அரை மணி நேரத்தில் கண்ணாடி சூடேறி, கடதாசி பழுப்பாகிவிட்டது. இழைக் குமிழ் மின்சாரத்தின் பெரும்பகுதியை வெப்பமாகவே வெளிவிடும். வீட்டு மின்சாரம் 230 வோல்ற் ஆகும். தற்காலிகக் கொட்டிலில் பிள்ளைகள் நடமாடும் இடத்தில் வயரை ஒட்டிப் பெட்டிக்குள் இழுக்கவே வேண்டாம்.

மின்சாரமே இல்லாவிட்டாலும் கவலையில்லை. வாசலருகே இரண்டு செங்கல் அடுக்குகளின் மேல் கண்ணாடியை வைத்து, அதன் கீழே முகம் பார்க்கும் கண்ணாடியை வானத்தை நோக்கிச் சாய்த்து வையுங்கள். பகல் வெளிச்சம் மேலே திரும்பும். நேர் வெயில் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள், கண்ணுக்குக் கெடுதி.

கீறும்போது

துணியை முதலில் கழுவிக் காயவைத்து அழுத்துங்கள். பின்னர் சுருங்கிப் பூ கோணாது. மாதிரியைக் கறுப்புப் பேனையால் தடித்த கோடாகக் கீறுங்கள். துணியை நான்காக மடித்து நடுவை அடையாளமிட்டு, மாதிரியின் நடுவோடு பொருத்திக் கிளிப் போடுங்கள். பென்சிலை மெதுவாக ஓட்டுங்கள். அழியும் மைப் பேனையால் கீறினால், மையைக் கழுவி அகற்றுமுன் இஸ்திரி போடாதீர்கள். சில மைகள் சூட்டில் நிரந்தரமாகிவிடும். பெரிய விரிப்பானால் மாதிரியின் மூலைகளில் கூட்டல் குறியிட்டு, துணியை நகர்த்தும்போது குறியோடு குறியைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு வசதியும் உண்டு. பாதிப் பூவை மட்டும் கீறுங்கள். கடதாசியைப் புரட்டி வைத்தால் மறுபாதி கிடைத்துவிடும். இடமும் வலமும் ஒன்றுபோல் அமையும்.

கறுப்புத் துணிக்கும் தடித்த துணிக்கும் இந்தப் பெட்டி உதவாது. அவற்றுக்கு மாதிரிக் கோட்டின் மேல் ஊசியால் நெருக்கமாகத் துளையிட்டு, சோக்குத் தூளைத் துணிப் பொட்டலத்தால் தட்டித் தேய்க்கலாம்.

மாதிரிக்கு எங்கே போவது?

கடையில் தொங்கும் பிறருடைய புது வேலையைப் பார்த்துக் கீறுவது நியாயமல்ல. பழைய கலை எல்லோருக்கும் பொது. கண்டிக்குத் தென்மேற்கே உடுநுவரவில், 14ஆம் நூற்றாண்டில் கம்பளை அரசர் காலத்தில் எழுந்த எம்பெக்கே தேவாலயத்தின் மரத்தூண்களில் பின்னிப் பிணைந்த அன்னங்களையும் இருதலைப் பறவையையும் தாமரையையும் காணலாம். எம்மவர் வாசலில் போடும் கோலமும் நல்ல மாதிரியே. ஒன்றை எடுத்து உங்கள் கைக்கேற்ப மாற்றினால் அது உங்கள் மாதிரியாகிவிடும். அந்தக் கடதாசிகளை ஈரம் படாமல் உறையில் போட்டு வையுங்கள். அதுவும் ஒரு சொத்து.

அந்தத் தாய் பழப் பெட்டியும் உடைந்த யன்னலின் கண்ணாடியும் கொண்டு தமக்கு ஒன்று செய்துகொண்டார். அடுத்த முறை வந்தபோது ஒரு சோடி உறையை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, வாசல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். பூவின்மேல் பூ அப்படியே பொருந்தியிருந்தது.

நீங்களும் செய்து பாருங்கள். உங்கள் கைக்கு இதைவிட இலகுவான முறை தெரிந்தால் எமக்கு எழுதுங்கள். மற்றக் குடும்பங்களுக்கும் அது பயன்படட்டும்.